நெருப்பக்காவும் அந்த மெஷினும்

அந்த அம்மாவுக்கு நெருப்பக்கா என்று பெயர் வைத்தது நான்தான். அதற்காக யாரும் எனக்கு ஒரு டீ கூட வாங்கித் தந்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர் வேலையில் நெருப்பே கிடையாது. சுடர் இல்லை, புகை இல்லை, தீக்குச்சி இல்லை. ஆனால் அவர் மேஜையிலிருந்து எடுத்துத் தரும் இரும்பை வெறுங்கையால் வாங்கினால் தோல் அதிலேயே தங்கிவிடும்.

எங்களுடையது மோட்டாரும் பம்பும் பழுது பார்க்கிற பட்டறை. நான் அங்கே வைண்டிங் ஆள். கருகிப்போன மோட்டாரின் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றுகிறவன். அக்கா பேரிங் மாட்டுகிறவர். மோட்டாரின் தண்டு சுழல வேண்டுமானால் அதன் இரண்டு முனையிலும் பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டும். பேரிங்கின் துளை தண்டைவிட மயிரிழை சின்னதாக இருக்கும். சும்மா தள்ளினால் ஏறாது. சுத்தியலால் தட்டினால் ஏறும், ஆனால் உள்ளே இருக்கிற குண்டுகள் கெட்டுப்போகும்.

ஆகவே பேரிங்கைச் சூடாக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும், இரும்பு மயிரிழை விரிந்துவிடும். அந்த நேரத்தில் அதை எடுத்துத் தண்டில் ஒரே தள்ளாகத் தள்ளி, உரிய இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆறியதும் தண்டைக் கவ்விக்கொள்ளும். நடுவில் கை தயங்கினால் நடுவிலேயே கவ்விவிடும். அப்புறம் அது முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. வெட்டி எடுக்க வேண்டியதுதான். இரண்டாவது வாய்ப்பு என்ற பேச்சே இந்த வேலையில் கிடையாது.

நான் சேர்ந்த புதிதில் இதற்கெல்லாம் எண்ணெய்ச் சட்டிதான். அடுப்பின் மேல் ஒரு பெரிய சட்டி, அதில் எண்ணெய், அதற்குள் பேரிங். பட்டறை முழுக்கப் புகை. அக்கா அப்போது கூட்டிப் பெருக்கவும் அந்தச் சட்டியைக் கழுவவும் வந்துகொண்டிருந்தார். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. "இந்தாம்மா" என்பதோடு சரி.

ஒருநாள் முதலாளி சட்டிக்குப் பதிலாக ஒரு மெஷினை இறக்கினார். சாம்பல் நிறப் பெட்டி. மேலே இரண்டு இரும்புத் தூண்கள், தூண்களின் மேல் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை. பட்டையில் பேரிங்கைக் கோத்துத் தூண்கள்மேல் வைத்துப் பொத்தானை அமுக்கினால் லேசாக 'உம்' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பேரிங் கொதிக்கும். பட்டையைத் தொட்டால் அது பாட்டுக்குச் சாதுவாக இருக்கும்.

எங்களில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. தொடாமலே சுடுகிற சாமானிடம் எவன் வாலாட்டுவான். ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினோம். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதலாளி சொன்னதையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நாங்கள் வந்து பார்த்தபோது மெஷின் பக்கத்தில் அவர்தான் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து அது அவருடைய மேஜை.

அந்த மெஷின் எப்படிச் சுடுகிறது என்று அக்கா சொன்னதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டிக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தரம் முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. அதனால் தூணிலும் பட்டையிலும் ஓடுகிற காந்தமும் அதே வேகத்தில் இங்கும் அங்கும் திரும்புகிறது. நடுவில் மாட்டியிருக்கிற பேரிங் ஒரு வளையம். காந்தம் திரும்பத் திரும்ப அந்த வளையத்துக்குள்ளேயே மின்சாரம் பிறக்கிறது.

"பொறந்த கரண்ட்டுக்குப் போக இடம் இல்ல தம்பி," என்றார். "வட்டத்துக்குள்ளயே சுத்திச் சுத்தி ஓடுது. ஓடுற வழியில இரும்பு தடுக்குது. அந்தத் தள்ளுமுள்ளுலதான் சூடு. வெளியிலேர்ந்து யாரும் கொண்டுவந்து கொட்டல."

நான் நம்பவில்லை என்று என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அக்கா ஒரு பழைய இரும்பு வளையத்தை எடுத்து, ரம்பத்தால் ஒரு இடத்தில் அறுத்துப் பட்டையில் மாட்டினார். பக்கத்திலேயே அறுக்காத வளையம் ஒன்று. பொத்தானை அமுக்கினார். அறுக்காதது சுட்டது. அறுத்தது சும்மா இருந்தது. வட்டம் விட்டுப்போனால் ஓட வழியில்லை, சூடும் இல்லை.

இவ்வளவு பாடம் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் என் மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. மெஷின்தான் எதையும் சூடாக்குமே என்று, என் எவர்சில்வர் தூக்கின் கைப்பிடியைப் பட்டையில் கோத்து மாட்டினேன். அமுக்கிவிட்டு மணக்க மணக்கச் சாப்பிடலாம் என்று காத்திருந்தேன். பட்டையைச் சுற்றியிருந்த வட்டம் கைப்பிடிதான். சுட்டதும் கைப்பிடிதான். சாப்பாடு வந்தபடியே ஜில்லென்று இருந்தது. என் விரல் மட்டும் வெந்தது.

அக்கா சிரிக்கவில்லை. விரலைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விட்டார். "சோத்துக்கு வட்டம் கிடையாது தம்பி," என்றார். பிறகு தன் மேஜைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க நின்றார். அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் என்னைப் பார்த்தவனெல்லாம் சாப்பாடு சூடாக இருந்ததா என்று கேட்டான். அந்த எரிச்சலில்தான் நான் அவருக்கு நெருப்பக்கா என்று பெயர் வைத்தேன். பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

காலம் போனது. அக்கா மாட்டிய பேரிங் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பெரிய பம்பு வந்தால் முதலாளியே எழுந்து வந்து, "அக்கா எங்க?" என்று கேட்பார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எல்லாரும் காத்திருப்போம். காலையில் வந்ததும் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி ஒரு டப்பா மூடியில் போட்டுவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு அவர் நிற்கிற நிற்பைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா திடீரென்று நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நாடி ரொம்ப மெதுவா ஓடுதாம். நடுநடுவுல நின்னு யோசிச்சுட்டு ஓடுதாம். நெஞ்சுல தோலுக்கடியில ஒரு சின்ன மெஷின் வைக்கணுங்கறாங்க. அது தட்டித் தட்டி ஓட வைக்குமாம்."

"வச்சுக்க வேண்டியதுதானே அக்கா. இப்பல்லாம் அது பெரிய விஷயமே இல்ல."

"வச்சுக்கிட்டா நம்ம மெஷின் ஓடுறப்ப அதுகிட்டப் போகக் கூடாதாம். அது விடுற காந்தம் இதோட கணக்கைக் குழப்பிடுமாம். பதினஞ்சு அடியாவது தள்ளி நிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்." கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். "மெஷின் நடுப் பட்டறையில இருக்கு. பதினஞ்சு அடி தள்ளின்னா நான் தெருவுலதான் நிக்கணும்."

உயிர் பெரிசா மெஷின் பெரிசா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உனக்கென்ன, நீ எங்க போனாலும் கம்பி சுத்துவ," என்றார். "நான் அந்த மேஜைகிட்ட வர்றவரைக்கும் என்னை ஒருத்தரும் ஒரு ஆளா நினைச்சதில்ல. நானே நினைச்சதில்ல. அதை விட்டுட்டு மறுபடியும் துடைப்பத்தைத் தூக்கச் சொல்றியா?"

இதை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார். அன்றிலிருந்து எனக்கு வேலையில் நிம்மதி போயிற்று. கம்பி சுற்றுவதும் நிமிர்ந்து அவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். டாக்டரிடம் போனீர்களா என்று ஜாடையில் கேட்டால், உன் வேலையைப் பார் என்று ஜாடையிலேயே பதில் வரும். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசாமல்கூட இருந்து பார்த்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவரை வழிக்குக் கொண்டுவந்தது டாக்டரும் இல்லை, நானும் இல்லை. ஒரு பேரிங். பெரிய பம்பின் தண்டு தாங்கியில் கிடந்தது. ஒரு முனையை நான் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பேரிங்கை மெஷினிலிருந்து எடுத்துவந்து தண்டில் நுழைத்தார். வழுவழுவென்று ஏறியது. பாதி தூரத்தில் அவர் கை நின்றது. அவர் கண் என்னைப் பார்த்தபடி இருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. அப்படியே சரிந்து தரையில் விழுந்தார்.

தண்டை விட்டேன். ஓடிப்போய் மடியில் தலையை எடுத்து வைத்துக்கொண்டேன். முதலாளி விசிறியோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் அக்கா கண் திறந்தார். முதல் பேச்சு என்ன தெரியுமா?

"ஏறிடுச்சா?"

அவரே எழுந்து போய்ப் பார்த்தார். பேரிங் பாதி வழியில் கவ்வி உட்கார்ந்திருந்தது. கையுறையைக் கழற்றி அதைத் தொட்டார். அது ஆறிப்போயிருந்தது. அப்போதுதான் நான் முதல்முறையாக அவர் அழுவதைப் பார்த்தேன். சத்தமே இல்லாமல், தண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார்.

அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது என்னிடம், "பாதியில நிக்கிற கையை வச்சுக்கிட்டு அந்த மேஜையில என்ன பண்றது," என்றார். முதலாளியிடம் போய், நெஞ்சில் ஒரு சின்ன வைத்தியம், கொஞ்ச நாள் லீவு வேண்டும் என்றார். மெஷின்கிட்ட இனி வரக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. வாய் வரவில்லை போலிருக்கிறது. அதற்குப் பதிலாக வேறொன்று சொன்னார்.

"என் இடத்தை வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

முதலாளி "ம்" என்றார். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதே நாலு வார்த்தை. அதில் ஒன்று இதற்குச் செலவானது.

மறுநாள் காலை பட்டறைக்கு வந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெஷின் மேல் ஒரு பழைய திரைச்சீலை போர்த்தியிருந்தது. பின்னால் கிடந்த எண்ணெய்ச் சட்டி துருவோடு நடுக்கூடத்துக்கு வந்திருந்தது. கீழே அடுப்பு.

"அக்கா வர்ற வரைக்கும் இதுலதான்," என்றார் முதலாளி.

"மெஷினுக்கு என்ன? பொத்தானை யார் அமுக்கினாலும் ஓடும். நானே அமுக்கறேன்."

"கேட்டாங்க. சரின்னுட்டேன்."

இதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன வாதாடுவது? அன்று தொடங்கியது எங்கள் கஷ்டகாலம். புகையில் கண் எரிந்தது. டீயில் எண்ணெய் வாசம். நான் சுற்றி வைத்த புதுக் கம்பியில் கரி படிந்தது. பேரிங்கும் ஒழுங்காக ஏறவில்லை. ஒருவன் பாதியில் விட்டான், இன்னொருவன் அவசரத்தில் கோணலாக நுழைத்தான். எல்லாரும் முதலாளியைத் திட்டினார்கள். எனக்கு மட்டும் திட்டக்கூட மனம் வரவில்லை. இனி அந்த இடத்துக்கு வரவே முடியாத ஒருவருக்காக இந்த மனிதர் புகையில் இருமிக்கொண்டிருக்கிறாரே என்று இருந்தது. சொல்லிவிடலாம் என்று பலமுறை அவர் பக்கம் போனேன். கொடுத்த வாக்கை நினைத்துத் திரும்பி வந்துவிட்டேன்.

வைத்தியம் நல்லபடியாக முடிந்து அக்கா வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போனேன். அவர் வீட்டுக்காரர் தையல்காரர். அடுக்களையில் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் இருந்த இண்டக்‌ஷன் அடுப்பைக் காணோம்.

"பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துட்டார்," என்றார் அக்கா. "அதுவும் நம்ம மெஷின் மாதிரி காந்தத்துலதான் சுடுது. ஆனா அது சின்னது, அடியில இருக்கிற சுருள் பாத்திரத்து அடிப்பாகத்தோட சரி, ஒரு கை நீளம் தள்ளி நின்னாப் போதும்னு டாக்டரே சொன்னார். இவர் காதுல ஏறல."

"கை நீளம்னா யார் கை?" என்றார் தையல்காரர், கழுத்தில் அளவுநாடாவோடு. "உன் கையா, டாக்டர் கையா? அளவு தெரியாம நான் எதையும் நம்ப மாட்டேன்."

அவர் உள்ளே போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினார். "இடத்தை யாருக்காவது கொடுத்துட்டாரா?"

எண்ணெய்ச் சட்டிக் கதையைச் சொன்னேன். திரைச்சீலை, புகை, கோணல் பேரிங், எல்லாம். முதலில் சிரித்தார். சிரித்ததில் தையல் போட்ட இடம் வலித்திருக்க வேண்டும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"பாவி மனுஷன்," என்றார் கடைசியில். "நானே வந்து சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காதே."

அக்கா வருகிற நாள் முதலாளிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. காலையிலேயே அடுப்பை அணைத்துச் சட்டியைப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டார். மெஷினை அவரே துடைத்தார். பட்டையில் ஒரு பேரிங்கையும் கோத்து வைத்தார். அக்கா வாசலில் தெரிந்ததும் திரைச்சீலையைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட விழாவில் சிலை திறக்க வந்தவர்போல நின்றார்.

"வாங்க. அமுக்குங்க," என்றார்.

அக்கா வாசலைத் தாண்டவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தேன்.

"அது ஓடுறப்ப நான் இனிமே கிட்ட வரக் கூடாது," என்றார். "உள்ள வச்சிருக்கிற மெஷினுக்கு ஆகாது. லீவு கேட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்ல முடியல. என் இடத்தை வச்சிருங்கன்னு வேற கேட்டுட்டேன். தப்புதான்."

முதலாளி திரைச்சீலையை மடிக்கத் தொடங்கினார். மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஓடாதப்ப?"

"ஓடாதப்ப அது வெறும் இரும்பு. ஒண்ணும் இல்ல."

"சூடான பேரிங்?"

"அதுவும் ஒண்ணும் இல்ல. கடைசியில மெஷினே பேரிங்குல இருக்கிற காந்தத்தை எடுத்துடுதே. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். தண்டுல மாட்டலாம். மெஷின் ஓடுறதுதான் கூடாது." அவர் குரல் அடங்கியது. "ஆனா அது நடுவுல இருக்கே. ஒவ்வொரு தடவையும் ஓடி ஓடித் தெருவுக்குப் போயிட்டு வரவா முடியும்?"

முதலாளி மடித்த துணியை மெஷின்மேல் வைத்துவிட்டு, பட்டறையின் கோடியில் இருக்கிற தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தார். கையுறை இருந்த திசையை ஒருமுறை பார்த்தார். "சரி தம்பி, நான் வரேன்," என்று திரும்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

அப்போது அறைக்குள் ஏதோ இழுபடுகிற சத்தம். கதவு திறந்தது. முதலாளி பின்னோக்கி நடந்து வந்தார். கையில் அவருடைய நாற்காலி. அதைக் கொண்டுவந்து என் மேஜை ஓரத்தில் வைத்தார். மறுபடி உள்ளே போனார். மேஜை விசிறி வந்தது. அப்புறம் ஒரு கட்டுக் காகிதமும் கண்ணாடிக் கூடும் வந்தன. நாங்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மெஷினை அந்த ரூமுக்குள்ள தூக்கி வைங்க," என்றார். "தண்டுத் தாங்கியை வாசல் பக்கம் நகர்த்துங்க. இவன் அங்க சூடாக்கி, கொண்டுவந்து அவங்க கையில கொடுக்கட்டும்."

'இவன்' என்றது என்னை. ஓட்டம் எனக்கு.

"அப்ப நீங்க எங்க உட்காருவீங்க?" என்றார் அக்கா.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து அது ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"உங்க இடத்தைக் கொடுக்க மாட்டேன்னுதான் சொன்னேன்," என்றார். "என் இடத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

அக்கா வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். மெஷின் ஓடவில்லை, வரலாம். வளையலைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார், கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். மாட்டிய பிறகுதான் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது அவருக்குத் தெரிந்தது. முதலாளி எழுந்து மெஷின்மேல் மடித்து வைத்திருந்த திரைச்சீலையை எடுத்து நீட்டினார். நாங்கள் நாலு பேரும் மெஷினைத் தூக்கப் போனோம்.